மாமூல் வாங்காத கேமரா

சிக்னலில் கேமரா வைக்கப்போகிறார்கள் என்றால் நம் ஊரில் அதை எதிர்த்து வாய் திறப்பவர்கள் குறைவு. டீக்கடை முதல் தொலைக்காட்சி விவாதம் வரை வாதம் ஒன்றுதான். கேமராவுக்கு மாமூல் கொடுக்க முடியாது. அதற்குச் சாதி தெரியாது, கட்சிக்கொடி தெரியாது. "நான் யார் தெரியுமா" என்று அதை மிரட்ட முடியாது. சிவப்பில் தாண்டினால் படம் விழும், படம் விழுந்தால் அபராதம் வரும். ஒழுங்காக வண்டி ஓட்டுகிறவனுக்கு இதில் என்ன பயம்?

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. தெருமுனையில் வண்டிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டு பேரம் பேசும் கையிடம் ஒருமுறையாவது மாட்டியவர்களுக்கு இன்னும் நன்றாக இருக்கும். ஆனால் இதே நம்பிக்கையோடு அமெரிக்க நகரங்கள் 1990-களிலேயே கேமராக்களை நிறுத்தத் தொடங்கிவிட்டன. அங்கே நடந்ததைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்தவர் யாரும் இவ்வளவு நிம்மதியாகக் கை தட்டமாட்டார்.

இப்போது இதைப் பேசுவதற்குக் காரணம் உண்டு. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது 136ஏ என்ற பிரிவைச் சேர்த்து, மின்னணுக் கண்காணிப்புக்கு வழி திறந்தார்கள். 2021 ஆகஸ்டில் அதற்கு 167ஏ என்ற விதி வந்தது. தேசிய, மாநில நெடுஞ்சாலைகளின் ஆபத்தான பகுதிகளிலும், பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரங்களின் முக்கியச் சந்திப்புகளிலும் கருவிகள் வைக்கவேண்டும் என்கிறது அது. 132 நகரங்களின் பட்டியலும் அதில் இருக்கிறது. கோவையைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் சாலைச் சாவுகள் குறித்துத் தொடுத்த வழக்கில், 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவை நடைமுறைக்குக் கொண்டுவரச் சொல்லி மாநிலங்களை நெருக்கியது. அதாவது கேமரா வரப்போவது உறுதி. எந்த நிபந்தனையோடு வரப்போகிறது என்பதில்தான் நமக்கு இன்னும் பேச இடம் இருக்கிறது.

முதலில் மாமூல். சிகாகோ 2003-இல் ரெட்ஃப்ளெக்ஸ் என்ற நிறுவனத்திடம் சிக்னல் கேமரா ஒப்பந்தத்தைக் கொடுத்தது. ஒரு மீறலுக்கு 100 டாலர் அபராதம். ஆண்டுகள் செல்லச் செல்ல ஏறக்குறைய 190 சந்திப்புகளில் 380-க்கும் மேற்பட்ட கேமராக்கள். நாட்டிலேயே பெரிய ஏற்பாடு என்று நகராட்சி பெருமைப்பட்டது. அந்த ஒப்பந்தத்தை மேற்பார்த்தவர் ஜான் பில்ஸ் என்ற போக்குவரத்துத் துறை அதிகாரி. ரெட்ஃப்ளெக்ஸ் அவருடைய நண்பர் ஒருவரை வேலைக்கு எடுத்து, புதிதாக நிற்கும் ஒவ்வொரு கேமராவுக்கும் அந்த நண்பருக்குக் கமிஷன் கொடுத்தது. கமிஷன் அங்கிருந்து உறைகளில் பில்ஸின் கைக்குப் போனது. அதுபோக ஓட்டல் அறை, கோல்ஃப் பயணம், அரிசோனாவில் ஒரு வீடு. மொத்தம் 20 லட்சம் டாலர் வரை என்று அரசுத் தரப்பு கணக்குக் காட்டியது. நம் பணத்தில் பதினைந்து கோடிக்கு மேல். சிகாகோ ட்ரிப்யூன் நாளிதழின் நிருபர்கள் விடாமல் தோண்டியதால்தான் வெளியே வந்தது. 2016-இல் பில்ஸுக்குப் பத்தாண்டுச் சிறை. நிறுவனத்தின் தலைமை அதிகாரியாக இருந்த கேரன் ஃபின்லிக்கு முப்பது மாதம்.

கேமரா ஒரு காசு வாங்கவில்லை, உண்மைதான். கேமராவை எங்கே எத்தனை நடவேண்டும் என்று முடிவு செய்தவர் வாங்கினார். முனையில் நூறும் இருநூறுமாகக் கைமாறுவது நம் கண்ணில் படுகிறது. எரிச்சல்படுகிறோம், சமயத்தில் சண்டைகூடப் போடுகிறோம். டெண்டர் மேசையில் கைமாறுவதை யாரும் பார்ப்பதில்லை. தமிழ்நாட்டில் டெண்டர் எப்படி நடக்கும் என்று ஒரு சிகாகோக்காரர் வந்து நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்படியிருந்தும், கேமரா என்றவுடன் அந்தப் பட்டறிவை எல்லாம் எங்கே கழற்றி வைத்துவிடுகிறோம் என்பது எனக்குப் புரியவில்லை.

இதைவிட மோசமான இன்னொன்றும் சிகாகோ இருக்கும் அதே இல்லினாய் மாநிலத்தில் நடந்தது. மாநில செனட்டின் போக்குவரத்துக் குழுத் தலைவராக இருந்த மார்ட்டின் சாண்டோவல், ஒரு கேமரா நிறுவனத்தோடு தொடர்புடையவரிடம் பணம் வாங்கியதை 2020 ஜனவரியில் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். பணம் எதற்கு? கேமரா தொழிலைக் கட்டுப்படுத்தும் மசோதாக்கள் சட்டமாகாமல் பார்த்துக்கொள்வதற்கு. அபராதத்திலிருந்து தப்பக் கொடுக்கும் லஞ்சத்தை நாம் அறிவோம். அபராதம் தொடர்ந்து விழுந்துகொண்டே இருக்கவேண்டும் என்பதற்காகக் கொடுக்கப்பட்ட லஞ்சம் இது.

"கேமராவுக்குச் சாதி தெரியாது" என்பதும் அங்கே சோதிக்கப்பட்டது. ப்ரோபப்ளிக்கா என்ற செய்தி நிறுவனம் சிகாகோவின் 2015 முதல் 2019 வரையான அபராதங்களை அலசியபோது, கருப்பினத்தவரும் லத்தீனோக்களும் பெரும்பான்மையாக வாழும் பகுதிகளின் வீடுகளுக்கு, வெள்ளையர் பகுதிகளைப்போல ஏறக்குறைய இரு மடங்கு அபராதச் சீட்டு போயிருந்தது தெரிந்தது. கேமராக்கள் நகரம் முழுக்கப் பரவலாகத்தான் இருந்தன. ஆனால் ஏழைகளின் பகுதியில் சாலைகள் அகலமானவை, வேகம் கூட்டத் தூண்டுபவை, பாதசாரிகளுக்கென்று எதுவும் செய்யாமல் விடப்பட்டவை. சாலை போட்டவர்களின் பாரபட்சத்தைக் கேமரா அப்படியே அபராதமாக மொழிபெயர்த்தது.

அடுத்தது, ஒழுங்கானவனுக்கு என்ன பயம் என்ற கேள்வி. இதற்குப் பதில் மஞ்சள் விளக்கில் இருக்கிறது. கொஞ்சம் கணக்குப் போடவேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மணிக்கு 50 கிலோமீட்டரில் போகும் வண்டி ஒரு வினாடியில் ஏறக்குறைய 14 மீட்டர் நகர்கிறது. மஞ்சள் எரிந்ததைக் கண் பார்த்து, கால் பிரேக்குக்குப் போக ஒரு வினாடி. பிறகு, பின்னால் வருபவர் வந்து மோதாத அளவுக்கு நிதானமாகப் பிரேக் பிடித்தால் இன்னும் 31, 32 மீட்டர். மொத்தம் 45 மீட்டர் வேண்டும். மஞ்சள் இரண்டே வினாடிதான் எரிகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே வேகத்தில் நேராகப் போனால் அந்த இரண்டு வினாடியில் 28 மீட்டர்தான் கடக்க முடியும். ஆக, மஞ்சள் விழும் நொடியில் நிறுத்தக் கோட்டிலிருந்து 28-க்கும் 45-க்கும் இடைப்பட்ட தூரத்தில் இருப்பவரால் கோட்டுக்கு முன் நிறுத்தவும் முடியாது, சிவப்புக்கு முன் தாண்டவும் முடியாது. வேக வரம்பை மீறாதவர், போதையில் இல்லாதவர், கைப்பேசியைத் தொடாதவர்; அவருக்கும் அபராதம் உறுதி. மஞ்சளை 3.3 வினாடியாக்கினால் இந்தப் பொறி மூடிக்கொள்கிறது.

இது ஏதோ புதுக் கண்டுபிடிப்பு என்று நினைக்கவேண்டாம். ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த காசிஸ், ஹெர்மன், மரதுதின் ஆகிய மூவர் 1960 வாக்கிலேயே இதற்கான சூத்திரத்தை எழுதிவிட்டார்கள். அமெரிக்கப் பொறியாளர்கள் பல பத்தாண்டுகளாக அதைத்தான் பயன்படுத்திவந்தார்கள். ஆனால் அதுவும் நேராகப் போகும் வண்டிக்குத்தான் பொருந்தும். ஆரிகன் மாநிலத்தில் பீவர்ட்டன் என்ற ஊரில், திரும்பும்போது கேமராவில் சிக்கிய தன் மனைவிக்கு 2013-இல் அபராதம் வந்ததைப் பார்த்த மாட்ஸ் யார்ல்ஸ்ட்ராம் என்ற மின்னணுப் பொறியாளர், திரும்புவதற்காக வேகத்தைக் குறைக்கும் வண்டிக்குச் சந்திப்பைக் கடக்கக் கூடுதல் நேரம் தேவை என்று கணக்குப் போட்டுக் காட்டினார். மாநிலப் பொறியாளர் வாரியம் என்ன செய்தது தெரியுமா? உரிமம் இல்லாமல் பொறியியல் பேசினார் என்று அவருக்கு 500 டாலர் அபராதம் போட்டது! அவர் வழக்குப் போட்டு வென்றார். மூல சூத்திரத்தை எழுதிய மூவரில் ஒருவரான மரதுதினே அவர் பக்கம் நின்றார். 2020-இல் போக்குவரத்துப் பொறியாளர்களின் சங்கமும் தன் வழிகாட்டுதலை அவர் சொன்னபடி திருத்திக்கொண்டது. அதற்குள் எத்தனை ஆயிரம் பேர் வாயை மூடிக்கொண்டு அபராதம் கட்டியிருப்பார்கள்!

மஞ்சளின் நீளத்தில் பணம் இருக்கிறது என்பதுதான் இதில் ஆபத்து. சிகாகோவில் மஞ்சளுக்குக் குறைந்தபட்சம் மூன்று வினாடி. ரெட்ஃப்ளெக்ஸ் வெளியேறி 2014-இல் வேறு நிறுவனம் பொறுப்பேற்றபோது, 2.9 வினாடி என்று பதிவான மஞ்சளுக்குப் பின்னாலும் அபராதச் சீட்டு போகத் தொடங்கியது. பத்தில் ஒரு வினாடி. கண் இமைக்கும் நேரத்தைவிடக் குறைவு. நகரத்தின் தலைமைக் கண்காணிப்பாளர் அலுவலகம் கணக்கெடுத்தபோது, அந்தப் பத்தில் ஒரு வினாடி 77,000 சீட்டுகளாக, 77 லட்சம் டாலராக வளர்ந்திருந்தது. நம் 167ஏ விதி கேமராவின் துல்லியத்துக்கு ஆண்டுதோறும் சான்றிதழ் கேட்கிறது. எச்சரிக்கைப் பலகை வைக்கச் சொல்கிறது. பதினைந்து நாளுக்குள் நோட்டீஸ் அனுப்பச் சொல்கிறது. எல்லாம் நல்லதே. மஞ்சள் விளக்கின் துல்லியத்துக்கு அது சான்றிதழ் கேட்கவில்லை. தராசுக்கு முத்திரை இருக்கிறது, எடைக்கல்லுக்கு இல்லை.

நம் சந்திப்புகளின் நிலைமையையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். அலுவலக நேரத்தில் போலீஸ்காரர் தானியங்கியை அணைத்துவிட்டுக் கையால் சிக்னலை இயக்குகிறார். சிவப்பு எரியும்போதே "போ, போ" என்று கை காட்டுகிறார். பின்னால் ஆம்புலன்ஸ் அலறுகிறது. வழிவிட வேண்டுமென்றால் கோட்டைத் தாண்டித்தான் ஆகவேண்டும். கோடு என்று ஒன்று இருந்தால், அதாவது போன மழையில் அழிந்துபோகாமல் இருந்தால். இந்த நிலைமையில் "ஒழுங்கானவனுக்கு என்ன பயம்" என்று கேட்பவர், ஒழுங்காக இருக்கும் வாய்ப்பு நம் சாலையில் எல்லோருக்கும் கிடைக்கிறது என்று நம்புகிறார். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை.

விபத்து குறையும் என்கிறார்களே, அது? இங்கேதான் வாதம் கொஞ்சம் கனமானது. அதை லேசாகத் தள்ளிவிட நான் விரும்பவில்லை. அமெரிக்காவில் சிவப்பை மீறுவதால் ஆண்டுக்குச் சுமார் 1,100 பேர் சாகிறார்கள்; அதில் பாதிக்கு மேல் மீறியவர் அல்லாதவர்கள், பாதசாரிகளும் மற்ற வண்டிகளில் இருந்தவர்களும். பக்கவாட்டில் வந்து மோதும் விபத்துதான் ஆளைக் கொல்வது, அதைக் கேமரா குறைக்கிறது. அந்நாட்டின் மத்திய நெடுஞ்சாலைத் துறை 2005-இல் ஏழு இடங்களின் தரவை வைத்துச் செய்த ஆய்வில் பக்கவாட்டு மோதல்கள் ஏறக்குறைய 25 சதவீதம் குறைந்திருந்தன. ஆனால் அதே ஆய்வில், பின்னாலிருந்து மோதுவது 15 சதவீதம் கூடியிருந்தது. மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று முன்னால் போகிறவர் திடீரென்று பிரேக்கை மிதிக்கிறார், பின்னால் வருகிறவர் இடிக்கிறார். ஹூஸ்டன் நகரத்தில் 2010-இல் மக்கள் வாக்களித்துக் கேமராவை அகற்றியபோது, அதற்கு முன்னும் பின்னும் இருந்த விபத்துகளை ஒப்பிட்ட பொருளாதார ஆய்வாளர்கள் கேலகரும் ஃபிஷரும், கேமராவால் மொத்த விபத்தோ காயமோ குறைந்ததற்கு ஆதாரம் இல்லை என்றார்கள். ஒருவகை குறைந்தது, மறுவகை கூடியது. எதிர்ப்பக்கம், காப்பீட்டு நிறுவனங்களின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிலையம் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், கேமரா உள்ள பெருநகரங்களில் சிவப்பு மீறலால் வரும் சாவு விபத்துகளின் விகிதம் 21 சதவீதம் குறைவு என்று கண்டது. ஆய்வுக்குப் பணம் கொடுப்பவை காப்பீட்டு நிறுவனங்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டாலும், அந்த எண்ணை ஒதுக்கிவிட முடியாது.

அங்கே பின்மோதல் என்றால் பெரும்பாலும் பம்பர் நசுங்கும், கழுத்து வலிக்கும். அதனால்தான் அவர்களால் "ஒன்று கூடினால் கூடட்டும், கொல்லும் மோதல் குறைகிறதே" என்று சமாதானம் சொல்ல முடிகிறது. நம் சிக்னலில் திடீரென்று பிரேக் பிடிப்பது ஸ்கூட்டி ஓட்டும் பெண், பின்னால் வருவது மாநகரப் பேருந்து. அந்தச் சமாதானத்தை இங்கே இறக்குமதி செய்ய முடியாது. இருசக்கர வண்டிகள் நிறைந்த நம் சாலைக்கென்று தனியாக அளந்து பார்க்காமல், "அமெரிக்காவிலேயே குறைந்ததாம்" என்று பேசுவது பொறுப்பற்ற பேச்சு.

நோட்டீஸ் யாருக்குப் போகிறது என்பதையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். கேமரா பார்ப்பது நம்பர் பிளேட்டை. ஓட்டியவர் யாராக இருந்தாலும், ஆர்.சி.யில் பெயர் உள்ளவர் வீட்டுக்குத்தான் அபராதம். வண்டியை விற்றுப் பல மாதமாகியும் பெயர் மாற்றாமல் வைத்திருப்பவர்களும், வாடகைக்கு ஆட்டோ விடுகிறவர்களும், தன் நம்பரை எவனோ போலியாக மாட்டிக்கொண்டு திரிவதை நோட்டீஸ் வந்த பிறகே அறிகிறவர்களும் இதில் சிக்குவார்கள். நான் ஓட்டவில்லை என்று நிரூபிக்கும் பாரத்தை உரிமையாளர் தலையில் கட்டியதற்காகவே 2015-இல் மிசூரி உச்ச நீதிமன்றம் செயின்ட் லூயிஸ் நகரத்தின் கேமரா விதியை ரத்து செய்தது.

அப்படியானால் கேமராவே வேண்டாமா? டெக்சாஸ் அப்படித்தான் செய்தது. 2019-இல் மாநிலம் முழுவதும் சிக்னல் கேமராவைத் தடை செய்து ஆளுநர் கையெழுத்திட்டார். எனக்கு அதுவும் சோம்பேறித்தனமாகவே படுகிறது. நியூயார்க் இதே கருவியை முப்பது ஆண்டுகளாக வைத்திருக்கிறது. அபராதம் 50 டாலர்தான், உரிமத்தில் புள்ளி ஏறாது. 150 சந்திப்புகளில் மட்டும் இருந்ததை 600 சந்திப்புகள் வரை கொண்டுபோக 2024-இல் சட்டம் இயற்றினார்கள். ஒரே கருவி ஒரு நகரத்தில் கொள்ளையாகவும் இன்னொன்றில் பொறுத்துக்கொள்ளக்கூடிய ஏற்பாடாகவும் இருப்பதற்குக் காரணம், அதைக் கட்டியிருக்கும் சட்டமும் ஒப்பந்தமும்.

ஒப்பந்தத்தில் முதலில் பார்க்கவேண்டியது நிறுவனத்துக்குப் பணம் எந்தக் கணக்கில் போகிறது என்பதை. கலிஃபோர்னியாவின் சான் டியேகோ நகரில் ஒரு சீட்டுக்கு 70 டாலர் என்று நிறுவனத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. இப்படி விகிதத்தில் கூலி வாங்குகிறவர் கொடுக்கும் ஆதாரத்தை நம்ப முடியாது என்று 2001-இல் நீதிபதி ஒருவர் ஏறக்குறைய முந்நூறு வழக்குகளைத் தூக்கி எறிந்தார். பிறகு அந்த மாநிலம் சீட்டுக்கு இவ்வளவு என்ற ஒப்பந்தத்தையே சட்டத்தால் தடுத்தது. தமிழ்நாட்டில் எந்த டெண்டராவது அபராதத்தில் பங்கு என்று எழுதப்பட்டால், அங்கேயே அதைக் கிழித்துவிட வேண்டும். மாத வாடகை நிலையாக இருக்கட்டும். வசூலாகும் பணம் பொதுக் கருவூலத்தில் கரையாமல், அதே சந்திப்பின் கோட்டுக்கும் நடைபாதைக்கும் போகட்டும். படத்தை இயந்திரம் எடுக்கலாம். அபராதம் போடுமுன் ஒரு மனிதர் முழு வீடியோவையும் பார்த்து, ஆம்புலன்ஸுக்கு ஒதுங்கினாரா, போலீஸ் கை காட்டினாரா என்று பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.

மற்றது மஞ்சள். இதை முதலில் செய்யவேண்டும் என்பதற்குப் பிலடெல்ஃபியாவில் நல்ல சான்று கிடைத்தது. ரெட்டிங்கும் அவருடைய சகாக்களும் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், மஞ்சளை ஏறக்குறைய ஒரு வினாடி நீட்டிய உடனேயே மீறல்கள் 36 சதவீதம் குறைந்தன. ஒரு கேமரா இல்லை, ஒரு ரூபாய் அபராதம் இல்லை. அதன்பிறகு கேமரா வைத்தார்கள். மிச்சமிருந்த மீறல்களில் 96 சதவீதம் போயிற்று. அதாவது மூன்றில் ஒருவர் மீறியது பொறியில் மாட்டியதால். மிச்சம் உள்ளவர்கள்தான் உண்மையில் மீறினவர்கள், கேமரா தேவைப்பட்டது அவர்களுக்கு. வரிசையைத் தலைகீழாக்கி முதலில் கேமராவை வைத்திருந்தால், அந்த மூன்றில் ஒருவரும் குற்றவாளிக் கணக்கில் சேர்ந்திருப்பார். அறிக்கையில் வெற்றியாகவும் வசூலாகவும் எழுதப்பட்டிருப்பார்.

இந்த வரிசையைச் சட்டமாகவே எழுதிய மாநிலம் ஜார்ஜியா. கேமரா உள்ள சந்திப்புகளில் மஞ்சளை ஒரு வினாடி கூட்டவேண்டும் என்று 2008-இல் சட்டம் போட்டார்கள். 2009-இன் முதல் நாளிலிருந்து அது அமலுக்கு வந்தது. மீறல்கள் மளமளவென்று சரிந்தன. சாலைப் பாதுகாப்புக்காகத்தான் கேமரா என்று சொல்லிக்கொண்டிருந்த, அட்லாண்டாவைச் சுற்றியுள்ள பல சிறு நகரங்கள் அதைக் கொண்டாடியிருக்க வேண்டும். அவை கேமராவைக் கழற்றின. அபராதம் குறைந்தபின் கருவியின் வாடகைக்குக்கூடக் கட்டுப்படியாகவில்லையாம். நம் நகரங்களில் அடுத்த டெண்டர் திறக்கப்படும் முன், ஒவ்வொரு சந்திப்பிலும் மஞ்சள் எத்தனை வினாடி எரிகிறது, அந்தச் சாலையின் வேகத்துக்கு எத்தனை வினாடி எரியவேண்டும் என்று இரண்டு எண்களை அரசு வெளியிடட்டும். ஜார்ஜியா நகரங்கள் செய்ததை நாமும் செய்வோமா என்பது அந்த இரண்டு எண்களும் ஒன்றான பிறகு தெரிந்துவிடும்.